அறிவினாவும் அறியா வினாவும்: தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் வினா யாருக்குரியது?

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்துள்ளார். விடை அறிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. விடை அறியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இவ்வேறுபாட்டையொத்த பாகுபாட்டைக் கொண்டு லாங், சாட்டோ ஆகியோர் 1983இல் இரண்டாம்மொழி ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர் கேட்டவற்றுள் விடை தெரிந்த வினாக்களே மிகுதி எனக் கண்டனர். வகுப்புக்கு வெளியே நிகழும் உரையாடலில் அத்தகைய வினா அரிது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மேற்கொள்ளப்பட்ட செயல்பாடு சார்ந்த சீர்திருத்தங்களை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது பயனுடையது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டை முறையைத் தழுவியது. 2007-08இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. குழந்தை தன் வேகத்தில் கற்றது. சில நாள் வராத குழந்தையும் விட்ட படியிலிருந்து தொடர முடிந்தது. இந்நன்மை சிறிதன்று. எனினும் ஏணிப்படியின் வரிசையை அமைத்தவர் பெரியவர். அட்டையிலுள்ள வினாவும் அவருடையதே. குழந்தை நகர்ந்தது, செய்தது, விடையளித்தது. வினவியதாகக் கூற இயலாது. 2022 சூன் மாதம் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றையும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்பிக்கிறது. பாடலும் விளையாட்டும் பொம்மலாட்டமும் வகுப்பை உயிர்ப்பித்துள்ளன. ஆயினும் செயல்பாட்டை வினாவழிக் கற்றலாகக் கொள்வது பிழை. படத்தைக் காட்டி 'வாட் இஸ் திஸ்?' என்று ஆசிரியர் கேட்க, வகுப்பு ஒருமித்து விடை கூறுவது, கைவினை அட்டையோடு நிகழினும் அறிவினாவே.

இதற்கு முன்னரே தென்னிந்தியாவில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளும் இடம்பெற்றன. இலக்கணத்தை முன்வைக்காமல், தொடர்வண்டிக் கால அட்டவணை, வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து மாணவரைச் சிந்திக்கச் செய்தது அத்திட்டம். பொருளில் கவனம் நிலைத்தால் மொழியமைப்பு உள்ளத்தில் தானே படியும் என்பது பிரபுவின் கருத்து. செயல்பாட்டுக்கும் சிந்தனைக்கும் உள்ள தொலைவை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். ஆனால் அங்கும் சிக்கலை வகுத்தளித்தவர் ஆசிரியரே. மாணவர் அதனைத் தீர்த்தார்.

குழந்தை வினவ இயலாமைக்கு மொழியமைப்பும் ஒரு காரணம். 'அப்பா நெய்தார்' என்பதன் ஈற்றில் ஆகாரம் சேர்ந்தால் தமிழில் வினா அமைந்துவிடும். ஆங்கிலத்திலோ 'டிட்' என்னும் துணைவினை முன்வரவேண்டும். இறந்தகால வினையும் அடிவடிவத்துக்குத் திரும்பவேண்டும். விடை கூற ஒரு சொல் போதும். வினவ முழுத் தொடரமைப்பும் வேண்டும். பயிற்சியோ விடைக்கே அளிக்கப்படுகிறது. ஆகவே வினா முதலில் தமிழில் பிறக்க இடமளிக்காத வகுப்பில் அது பிறக்காமலே போகும். தாய்மொழியைத் தடை எனக் கருதும் ஆங்கிலவழிப் பிரிவுகளில் இவ்விழப்பு இன்னும் பெரிது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பகுதியை எண்ணிப் பார்க்கலாம். பல்கலைக்கழகமும் பட்டுத்தறியும் அருகருகே அமைந்த வட்டாரம் இது. கோர்வை நெசவில் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு வண்ணம் பெறும். கரைக்குத் தனி நாடா ஓடும். நெசவாளருக்கு உதவியாக மற்றொருவர் அமர்வது மரபு. முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தோருள் சிறுவர் பலர். இன்று நெசவுக் குடும்பம் பிள்ளையை ஆங்கிலத்துக்காகப் பள்ளிக்கு அனுப்புகிறது. பள்ளியோ அப்பிள்ளையிடம் ஆப்பிளின் நிறத்தைக் கேட்கிறது. மாறாக, ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும், கரை ஏன் தனியே நெய்யப்படுகிறது, சரிகை எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகள் தமிழில் வினாக்களைத் திரட்டலாம். அவற்றுள் இரண்டையோ மூன்றையோ ஆசிரியர் துணையுடன் 'ஹௌ மெனி டேஸ்?', 'ஒய்?', 'வேர் ஃப்ரம்?' என ஆங்கிலமாக்கி, வீட்டில் தமிழில் கேட்டறிந்து, மறுநாள் படத்துடனும் எளிய ஆங்கிலத் தொடருடனும் வகுப்பில் பகிரலாம். பாவும் ஊடையும் ஆங்கிலத்தில் என்ன என்பதைத் தேடும் தேவை அப்போது குழந்தைக்கே எழும்.

இங்கு விடை ஆசிரியருக்கும் தெரிந்திராது. அறியா வினா மெய்யாக நிகழ அதுவே முதல் நிபந்தனை. பாடக்குறிப்பேடோ, வகுப்பு தொடங்கும் முன்பே கற்றல் விளைவை எழுதிவைக்குமாறு ஆசிரியரைக் கேட்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் குழந்தை அளித்த விடைக்குக் கட்டம் உண்டு, கேட்ட வினாவுக்கு இல்லை. இவ்விரண்டும் மாறாதவரை, புதிய அட்டைகள் எத்தனை அச்சாகினும் வினா மேசையின் மறுபுறத்திலேயே இருக்கும்.