அநஸூயையின் மூப்பும் பிராட்டியின் அலங்காரமும்

ஸ்ரீமத் ராமாயணத்தில் அயோத்யா காண்டம் அத்ரி மஹர்ஷியின் ஆச்ரமத்தில் முடிகிறது. சித்ரகூடத்தை விட்டுப் புறப்பட்ட பெருமாளும் பிராட்டியும் இளைய பெருமாளும் ஓரிரவு அங்கே தங்குகிறார்கள். 117 முதல் 119 வரையுள்ள மூன்று ஸர்க்கங்களில் பெரும்பகுதி, வயது முதிர்ந்த அநஸூயையும் இளமை நிரம்பிய பிராட்டியும் ஸம்பாஷிப்பதாகவே அமைந்துள்ளது. இவ்விடத்தைப் பாதிவ்ரத்ய தர்மோபதேசமாக மட்டும் எடுத்துச் சொல்லி மேலே செல்வது உபந்யாஸங்களில் வழக்கமாகிவிட்டது. உபதேசம் அங்கே இருப்பது உண்மையே. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் வால்மீகி பகவான் வைத்துள்ள இரண்டு காட்சிகளைச் சேர்த்து அநுஸந்தித்தாலன்றி அப்பகுதியின் ஸ்வாரஸ்யம் கைப்படாது என்பது அடியேனுடைய எண்ணம். அவற்றை விசாரிக்கவே இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்காட்சி, பிராட்டி அநஸூயையைக் காணும் இடம். தளர்ந்த உடல், சுருக்கம் விழுந்த தோல், மூப்பினால் வெளுத்த கூந்தல், காற்றில் அசையும் வாழை போல ஓயாது நடுங்கும் அங்கங்கள் ஆகிய இவ்வளவையும் கவி ஒரே சுலோகத்தில் அடுக்குகிறார். ரிஷிபத்நியின் தேஜஸ்ஸைச் சொல்லி மூப்பை மறைத்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. இந்த விசேஷணங்கள் யாவும் த்விதீயா விபக்தியில் நிற்கின்றன. இவற்றுக்கு முடிவான க்ரியை எது என்று பார்த்தால், அடுத்த சுலோகத்தில் வரும் ‘வணங்கினாள்’ என்பதே. சுருக்கமும் நரையும் நடுக்கமும் ‘மஹாபாக்யவதி’ என்னும் பதத்தோடு ஒரே வரிசையில் நின்று, பிராட்டியின் வணக்கத்துக்குக் கர்மமாகின்றன. வணங்கும் பிராட்டிக்கு அவ்விடத்தில் ‘அவ்யக்ரா’, அதாவது பரபரப்பற்றவள், என்று ஒரு விசேஷணம் உண்டு. அத்தகைய மூப்பை எதிரே கண்ட இளையவள் திடுக்கிடவுமில்லை, முகம் திருப்பவுமில்லை. தன் பெயரைச் சொல்லி வணங்கி, கைகூப்பி, உவப்போடு க்ஷேமம் விசாரிக்கிறாள்.

இச்சுலோகத்தில் ‘வ்ருத்தா’, ‘ஜரா’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வருவது நோக்கத்தக்கது. ‘வ்ருத்தா’ என்பது வளர்ச்சியைச் சொல்லும் தாதுவினின்று பிறந்தது. வளர்ந்து நிறைந்தவள் என்பது அதன் முதற்பொருள். ‘ஜரா’ என்பது வயது குன்றுதலைச் சொல்லும் தாதுவினின்று பிறந்தது. ஒரே உடலில் ஒன்று வளர்ந்திருக்கிறது, ஒன்று குன்றியிருக்கிறது என்று கவி இரண்டையும் சொல்லி வைத்தார். தமிழிலும் மூப்பு என்ற சொல் தளர்ச்சிக்கும் தலைமைக்கும் பொதுவாகவே நிற்கிறது. அயோத்யா காண்டத்தின் தொடக்கத்தில் பெருமாளின் குணங்களைச் சொல்லும்போது, சீலத்தாலும் ஞானத்தாலும் வயதாலும் முதிர்ந்தவர்களோடு உரையாடி வந்தவர் என்றார் மஹர்ஷி. அக்காண்டத்தின் முடிவில் பிராட்டிக்கும், அம்மூன்றும் பொருந்திய ஒருத்தியோடு உரையாடும் பேறு கிடைத்தது.

இதே ‘வ்ருத்தா’ என்ற சொல் ஆரண்ய காண்டத்தில் வேறு விதமாகப் பயில்கிறது. பெருமாளின் இளமைக்கு எதிர்த்தட்டாகச் சூர்ப்பணகையை நிறுத்தும்போது கவி அவளை வ்ருத்தை என்கிறார். பின்னர் இளைய பெருமாள் பரிஹாஸமாக, கிழவியான இந்த மனைவியை விட்டு உன்னையே அவர் கொள்வார் என்று அவளிடம் கூற, அவள் அதை மெய்யென்று கொண்டு அச்சொற்களையே பெருமாளிடம் சொல்கிறாள். வசையாகத் தோன்றுவதை ஸ்துதிபரமாக யோஜிப்பது வ்யாக்யாதாக்களின் வழி. அவ்வழியில் அச்சொற்களைப் பிராட்டிக்குப் பெருமையாகவும் கொள்ளலாம். ஆனால் சூர்ப்பணகையின் வாயில் அது வசை என்பதில் ஐயமில்லை. இன்னொருத்தியின் அழகைப் பொறாத நெஞ்சுக்கு, இளமை ததும்பும் பிராட்டி மேல் எறிவதற்கும் கிடைத்த கல் ‘கிழவி’ என்ற சொல்லே. ஆச்ரமத்தில் வணக்கத்துக்கு உரியதாயிருந்த சொல், பஞ்சவடியில் ஏச்சாயிற்று. சொல் ஒன்றே, சொல்லும் நெஞ்சு வேறு.

இனி இரண்டாம் காட்சி. பிராட்டியின் மறுமொழி கேட்டு உவந்த அநஸூயை, வேண்டியதைக் கேள் என்கிறாள். நிறைந்தது என்கிறாள் பிராட்டி. கேளாததனாலேயே மேலும் மகிழ்ந்து, மாலை, ஆடை, ஆபரணம், மெய்ப்பூச்சு ஆகியவற்றைத் தருகிறாள் அம்முதியவள். இவை என்றும் உனக்குத் தகுந்தனவாய், வாடாதனவாய் இருக்கும் என்றும் சொல்கிறாள். பிறகு ஸ்வயம்வர வ்ருத்தாந்தத்தைப் பிராட்டியின் திருவாயாலேயே சொல்லக் கேட்கிறாள். பொழுது சாய்ந்ததும், பெருமாளிடம் செல்வதற்கு முன், என் கண் எதிரிலேயே இவற்றை அணிந்துகொண்டு எனக்கு மகிழ்ச்சி உண்டாக்கு என்கிறாள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அத்ரி மஹர்ஷி தம் பத்நியின் ப்ரபாவத்தைப் பெருமாளுக்குச் சொல்லும்போது, பத்து ஆண்டு மழையின்றி உலகம் வெந்தபோது காய் கிழங்குகளை உண்டாக்கிக் கங்கையைப் பெருகச் செய்தவள் என்றும், தேவகார்யத்தின் பொருட்டுப் பத்து இரவுகளை ஓரிரவாகச் செய்தவள் என்றும் சொன்னார். காலத்தையே சுருக்க வல்லவளுக்குத் தன் உடலின் சுருக்கத்தை நீக்கிக்கொள்வது அரிதா? மலர்மாலையை வாடாதபடி செய்தவளுக்குத் தன் மேனியை வாடாதபடி செய்யத் தெரியாதா? வல்லமை இருந்தும் அவள் அதைத் தனக்கென்று செலவிடவில்லை. உலகின் பசிக்கும் தேவர்களின் கார்யத்துக்கும் செலவிட்டாள். மிகுந்ததைப் பிராட்டியின் திருமேனிக்கு அலங்காரமாக்கினாள்.

விரக்தையாகையால் அழகில் அவளுக்கு நோக்கில்லை என்று ஸமாதானம் சொல்வது எளிது. அது பொருந்தாது. அழகை வெறுத்தவள், என் எதிரில் அணிந்துகொள் என்று கேட்பாளோ? காணும் ஆசை அவளுக்கு நிரம்ப இருந்தது. இல்லாதது ஒன்றே, அது அவள் திருநாமத்திலேயே இருக்கிறது. குணமுள்ள இடத்திலும் குற்றத்தை ஏற்றுவது அஸூயை என்பது கோச வழக்கு. அது இல்லாதவள் அநஸூயை. தன்னிடமிருந்து நீங்கிய இளமையை இன்னொருத்தியிடம் காணும்போது தோன்றக்கூடிய கசப்பு அவளிடம் தோன்றவில்லை என்பதற்கு, ‘என் கண் எதிரில்’ என்ற அவ்வொரு வேண்டுகோளே ப்ரமாணம். மூப்போடு ஸமாதானமாவதற்கு வால்மீகி காட்டும் வழி இதுவே என்று அடியேன் துணிகிறேன். கம்பநாட்டாழ்வார் ஆரண்ய காண்டத் தொடக்கத்தில் இந்த வ்ருத்தாந்தத்தை மிகச் சுருங்கச் சொல்லி மேலே செல்கிறார். ஆதலால் இந்த ரஸத்தை நாம் மூலத்திலேதான் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. பிறப்பு, இறப்பு, மூப்பு, நோய் இவற்றில் தோஷத்தைக் காண்பது ஞானஸாதனம் என்று ஸ்ரீகீதை பதின்மூன்றாம் அத்யாயத்தில் ஓதப்பட்டது. திருமங்கையாழ்வாரும் வதரியைப் பாடிய திருமொழியில் மூப்பின் அவலத்தை விரித்தருளினார். சரணாகதி கத்யத்தில் எம்பெருமானார் திவ்யரூப குணங்களில் யௌவனத்தையும் சேர்த்தருளினார். ஆக, மூப்பு இகழத்தக்கதன்றோ என்று கேட்கலாம்.

ஸமாதானம்: கீதை சொல்லும் தோஷதர்சனம் தன் தேஹத்தைப் பற்றியது, அயலாருடைய நரையை எண்ணிப் பார்க்கச் சொன்னதன்று. ஆழ்வாருடைய திருமொழியிலும் கோலூன்றி இருமுகிறவன் ஓர் ஆண்மகன். இளமையில் அவன் விரும்பிய பெண்களே அவனை ஏளனம் செய்கிறார்கள். விஷயாந்தரத்தில் கழித்த இளமைக்கு நேரும் முடிவு அங்கே காட்டப்பட்டது. அந்நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்று தம் நெஞ்சோடும் நம்மோடும் ஆழ்வார் பேசுகிறார். அதைக் கைக்கொண்டு கிழவிகளைப் பரிஹஸித்து ஸபையைச் சிரிக்க வைப்பது பாசுரத்தின் திருவுள்ளத்துக்குச் சேராது. பகவானுடைய யௌவனம் கர்மத்தால் வந்ததன்று, ஆகையால் அதற்குக் குன்றுதல் இல்லை. நம் யௌவனம் கர்மத்தால் வந்தது, ஆகையால் போவது இயல்பு. ஆத்மாவுக்கோ மூப்பில்லை என்று சாந்தோக்யம் ஓதுகிறது. போவதைப் போவதென்று அறிந்தவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. பிராட்டியின் என்றும் குன்றாத அழகை அவள் கண்குளிரக் கண்டதும் அதனாலேயே.

இவ்விடத்தை அடியேன் தகப்பனாரிடம் பாடம் கேட்டபோது வயது பதினாறு. மூப்பைச் சொல்லும் சுலோகத்தை விரைந்து கடந்தேன். பதப்பிரிப்பு மட்டும் நினைவில் நின்றது. அப்போது எங்கள் அகத்தில் அத்தை ஒருத்தி இருந்தாள். கைம்பெண். கை நடுங்கும், ஆனால் கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னிப் பூ வைப்பதற்கு அந்தத் தெருவில் அவளைப் போல ஒருவரும் இல்லை. முஹூர்த்தத்துக்கு முதல்நாள் இரவு, உள்ளறையில், விளக்கருகே உட்கார்ந்து பூவைத்துத் தைப்பாள். முடிந்ததும் பெண்ணின் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்துக்கொள்வாள். விடிந்து மணப்பந்தலில் எல்லோரும் அந்தச் சடையைப் புகழ்வார்கள். அத்தை அங்கே இருக்கமாட்டாள். எதிரே வரக்கூடாது என்று பின்கட்டிலேயே இருந்துவிடுவாள். அதே அகத்தில் நித்யம் ராமாயண பாராயணமும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது அடியேனுக்கும் எழுபது கடந்துவிட்டது. ஏட்டைப் பிடிக்கும் கை நடுங்குகிறது. அன்று விரைந்து கடந்த சுலோகத்தை இன்று நின்று படிக்கிறேன். நடுங்கும் அங்கங்களையுடைய ஒருத்தியின் முன்னிலையில்தான் பிராட்டி தன்னை அலங்கரித்துக்கொண்டாள். அவளைத் தலைவணங்கிய பின்னரே பெருமாளிடம் சென்றாள். அவ்வலங்காரத்தைக் கண்டு பெருமாள் உவந்தார் என்று மஹர்ஷி அருளிச்செய்திருக்கிறார். இவ்வளவையும் பாராயணம் செய்துகொண்டு அத்தையைப் பின்கட்டில் இருத்தினோம். இந்த ஸர்க்கங்களை உபந்யஸிக்கும் பெரியோர்கள் உபதேச பாகத்தோடு நிறுத்தாமல், பிராட்டி வணங்கிய அந்த மூப்பையும், அநஸூயை கண்டு மகிழ்ந்த அந்த அலங்காரத்தையும் சேர்த்து ஸாதிக்க வேணுமென்று ப்ரார்த்திக்கிறேன். குற்றமிருப்பின் பெரியோர்கள் க்ஷமித்தருள்க.