எபிக் வாங்கினது கேம்களை, ஆட்களை இல்ல

வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஆனா என் கை தானா எபிக் கேம்ஸ் ஸ்டோரைத் திறக்கும். (குளிர்காலத்துல ஒன்பதரை. அமெரிக்காவுல கடிகாரத்தை மாத்தி வைக்கிறாங்க, நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகுது.) அந்த வாரத்து இலவச கேமை எடுத்துக்கிட்டு மூடிடுவேன். இப்படியே முந்நூறுக்கு மேல சேர்ந்துபோச்சு. அங்க நான் காசு கொடுத்து வாங்கினது எத்தனைன்னு போன வாரம் எண்ணிப் பார்த்தேன். ரெண்டு.

இதை முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு. 2019ல நண்பர்களோட வாட்ஸப் குழுவுல எபிக்குக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டு சண்டை போட்டவன் நான். "ஸ்டீமுக்கு ஒரு போட்டி வேணும்டா, இல்லாட்டி முப்பது சதவீதம் காலத்துக்கும் முப்பதாவே இருக்கும்"னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். அந்த வாதத்துல பாதி இன்னைக்கும் சரின்னுதான் நினைக்கிறேன். மீதிப் பாதி எங்க தப்பாப் போச்சுங்கறதுக்குத்தான் இந்தக் குறிப்பு.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்டீம் கடையில ஒரு கேம் வித்தா வால்வ் நிறுவனம் 30 சதவீதம் எடுத்துக்கும். 2018 டிசம்பர்ல எபிக் தன் கடையைத் திறந்தப்போ 12 போதும்னு சொன்னது. 60 டாலர் கேம்னா, ஸ்டீம்ல உருவாக்கினவங்க கைக்கு 42 டாலர் போகும், எபிக்ல 52.80. அன்ரியல் இன்ஜின்ல செஞ்ச கேமா இருந்தா இன்ஜினுக்குத் தர வேண்டிய 5 சதவீதத்தையும் எபிக் தன் கடை விற்பனைக்குத் தள்ளுபடி பண்ணினது. ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு இது ஒரு ஆளோட வருஷச் சம்பளமா இருக்கலாம்.

அதுக்கு வால்வ் பண்ணினதைப் பாருங்க. எபிக் அறிவிக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி, 2018 நவம்பர் 30 அன்னைக்கு, தன் பங்கைக் குறைச்சது. ஒரு கேம் 1 கோடி டாலருக்கு மேல வித்தா அதுக்குப் பிறகான விற்பனைக்கு 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினா 20. அதாவது கடையை விட்டுப் போகக்கூடிய பலம் உள்ள பெரிய ஆளுக்குத் தள்ளுபடி. போக இடமில்லாத, தனியா உட்கார்ந்து மூணு வருஷம் கேம் செஞ்சவருக்கு அதே முப்பது. முதலாளி வீட்டுக் கல்யாணத்துல பணக்காரச் சொந்தத்துக்கு முதல் பந்தி போடற மாதிரி. ஸ்டீம் எவ்வளவு நல்ல கடையா இருந்தாலும் இந்த ஒரு முடிவை நான் இன்னும் மன்னிக்கல. எபிக் சொன்ன நோய் உண்மையான நோய்தான்.

மருந்துலதான் சிக்கல்.

2019 ஜனவரி 28. மெட்ரோ எக்ஸோடஸ் வெளியாக மூணு வாரம்கூட இல்ல. ஸ்டீம்ல மாசக்கணக்கா முன்பதிவு நடந்துக்கிட்டிருக்கு. திடீர்னு அறிவிப்பு: இனி இது எபிக்ல மட்டும், ஸ்டீமுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான். ஏற்கெனவே முன்பதிவு பண்ணினவங்களுக்கு ஸ்டீம்லயே கிடைச்சது, அதுல ஏமாத்து இல்ல. ஆனா அச்சடிச்சு வெச்சிருந்த பெட்டிகள்ல ஸ்டீம் சின்னத்து மேல எபிக் ஸ்டிக்கரை ஒட்டி வித்தாங்க. அந்த ஸ்டிக்கரைவிட நல்லா இந்த விவகாரத்தை யாராலயும் விளக்க முடியாது. உள்ள இருக்கிற பொருள் அதேதான், லேபிள் மட்டும்தான் வேற. இது வாடிக்கையாளர்களுக்கு நியாயமில்லைன்னு வால்வும் கேமோட பக்கத்துலயே ஒரு குறிப்பு எழுதி வெச்சது. ரசிகர்கள் கோபத்தை எங்க காட்டினாங்க தெரியுமா? மெட்ரோவோட பழைய ரெண்டு கேம்களுக்கும் போய் மோசமான விமர்சனங்களைக் கொட்டினாங்க.

அடுத்து வரிசையா வந்தது. பார்டர்லேண்ட்ஸ் 3 ஆறு மாசம், தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் ஒரு வருஷம், கன்ட்ரோல் ஒரு வருஷம். இதைவிட வலிச்சது மக்கள் முன்கூட்டியே காசு போட்ட கேம்கள் போனதுதான். ஷென்மூ 3க்கு 2015ல கிக்ஸ்டார்ட்டர்ல 60 லட்சம் டாலருக்கு மேல ரசிகர்கள் கொடுத்திருந்தாங்க, ஸ்டீம்ல வரும்னு நம்பி. 2019ல எபிக்னு அறிவிச்சாங்க. ஃபீனிக்ஸ் பாயின்ட்டும் அப்படித்தான். கத்தல் பெருசானதும் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. இனி இந்த மாதிரி நடந்தா அந்தச் செலவைத் தானே ஏத்துக்கறதா எபிக்கும் சொன்னது. நல்ல விஷயம்தான், ஆனா காசு கொடுத்தவன் கேட்டது காசைத் திருப்பி இல்லையே.

இங்க ஒரு நியாயமான மறுப்பு வரும். "ஸ்டீம் மட்டும் என்ன யோக்கியம்? 2004ல ஹாஃப்-லைஃப் 2 டிஸ்க்கைக் கடையில காசு கொடுத்து வாங்கினவனையும் ஸ்டீம் போட்டாத்தான் ஆடலாம்னு கட்டாயப்படுத்தினாங்களே." உண்மை. அன்னைக்கு ஸ்டீமைத் திட்டாத ஆளில்லை. இன்னைக்கு ஸ்டீமுக்காகக் கொடி பிடிக்கிறவங்க பலருக்கு அது மறந்தே போச்சு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. வால்வ் தன் சொந்தச் சரக்கைத் தன் கடையில மட்டும் வித்தது. எபிக் ஃபோர்ட்நைட்டைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டதை யாரும் குறை சொல்லல. அடுத்தவன் சமைச்சு, இலை போட்டு, பரிமாறப்போற நேரத்துல பந்தியை வேற மண்டபத்துக்கு மாத்தினதுதான் பிரச்சினை.

இன்னொரு மறுப்பும் உண்டு. "ஒரு இலவச லாஞ்சரை டவுன்லோடு பண்றதுல என்ன குடிமுழுகிப் போச்சு?" நானே 2019ல இதைத்தான் சொன்னேன். சொன்னப்போ கடை எப்படி இருந்ததுன்னு யோசிக்கல. கூடை இல்ல. நிஜமாத்தான், ஒரு ஆன்லைன் கடையில நாலு பொருளைச் சேர்த்து வாங்கற கூடை வந்தது 2021 டிசம்பர்ல, கடை திறந்து மூணு வருஷம் கழிச்சு. வாங்கினவங்க விமர்சனம் எழுத இடமில்ல. கிளவுட் சேவ் திறந்தப்போ இல்ல. லினக்ஸ்ல ஆடறவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் அதிகாரபூர்வமா எதுவும் இல்ல. அப்போ முப்பது சதவீதம் மொத்தமும் வெறும் வாடகை இல்ல, அதுல கொஞ்சமாவது வேலைக்கான கூலின்னு ஒத்துக்கத்தான் வேணும். எவ்வளவு கூலி, எவ்வளவு வாடகைங்கறதுலதான் சண்டையே.

போட்டி வந்தா வாங்கறவனுக்கு விலை குறையும்னுதானே பாடப்புத்தகத்துல படிச்சோம்? மெட்ரோவுக்கு அது நடந்தது, அமெரிக்காவுல 59.99லேர்ந்து 49.99 ஆச்சு. நான் அதைத்தான் அப்போ எல்லார்கிட்டயும் காட்டினேன். ஆனா பார்டர்லேண்ட்ஸ் 3 எபிக்ல 59.99, அவுட்டர் வேர்ல்ட்ஸ் 59.99. மிச்சமான பதினெட்டு சதவீதம் பதிப்பாளர் பைக்குள்ள போச்சு. போகட்டும், அவங்க உழைப்பு, ஆனா அதை வாடிக்கையாளர் நலன்னு என்கிட்ட விக்காதீங்க.

விலை விஷயத்துல எபிக் வாங்கறவன் பக்கம் நின்ன ஒரு தடவை, 2019 மே மாச மெகா சேல். குறிப்பிட்ட விலைக்கு மேல இருக்கிற எந்த கேமுக்கும் 10 டாலர் தள்ளுபடி, அந்தக் காசை எபிக்கே கொடுக்கும், பதிப்பாளருக்கு நயா பைசா நஷ்டமில்ல. என்ன ஆச்சு? பார்டர்லேண்ட்ஸ் 3, வாம்பையர் பிளட்லைன்ஸ் 2 ரெண்டும் முன்பதிவுல இருந்தது, சட்டுனு விற்பனையிலேர்ந்து காணாமப் போச்சு. விலை குறைஞ்சா பொருளோட மதிப்பு இறங்கிடும்னு பதிப்பாளர்களுக்குப் பயம்னு நினைக்கிறேன். எபிக்கோட உண்மையான வாடிக்கையாளர் யாருங்கறது எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கணும். ரெண்டு கடையும் போட்டி போட்டது சரக்கு கொடுக்கிறவங்களுக்காக. நாம அந்தச் சரக்கோட சேர்ந்து கைமாறின ஆளுங்க, அவ்வளவுதான்.

எபிக் கொடுத்த பணம் என்ன மாதிரிப் பணம்னு 2021ல ஆப்பிள் வழக்குல வெளிய வந்தது. நம்ம கோடம்பாக்கத்துல எம்.ஜி.ன்னு சொல்வாங்களே, மினிமம் கேரண்டி, அதேதான். படம் ஓடினாலும் ஓடாட்டியும் இவ்வளவு தர்றேங்கற வாக்கு. 2020க்கு மட்டும் எபிக் கொடுத்த அந்த வாக்கு 44.4 கோடி டாலர். பார்டர்லேண்ட்ஸ் 3 ஒப்பந்தம் மட்டும் 14.6 கோடி. 2019ல கடையோட நஷ்டம் சுமார் 18 கோடி. அத்தனையும் ஃபோர்ட்நைட்ல பசங்க வாங்கின உடையும் நடனமும் கொடுத்த காசு.

அதே ஆவணங்கள்ல இலவச கேம் கணக்கும் இருந்தது. முதல் ஒன்பது மாசத்துல அதுக்கு ஆன செலவு 1.16 கோடி டாலர், வந்த புதுக் கணக்குகள் சுமார் 50 லட்சம். தலைக்கு ரெண்டு டாலர் சொச்சம். அந்த 50 லட்சத்துல நானும் ஒருத்தன். என் விலை ரெண்டு டாலர் சொச்சம்னு தெரிஞ்சுக்கறது ஒரு மாதிரி விசித்திரமான அனுபவம்.

பலன்? எபிக் வருஷா வருஷம் தானே வெளியிடற கணக்கு இது. தன் கேம்களை விட்டுட்டு, மத்தவங்க செஞ்ச பிசி கேம்களுக்கு மக்கள் அந்தக் கடையில செலவழிச்ச தொகை 2019ல 25.1 கோடி டாலர். 2022ல 35.5 கோடி வரைக்கும் ஏறினது. 2024ல 25.5 கோடி. ஆறு வருஷம், அத்தனை ஒப்பந்தம், நூத்துக்கணக்கான இலவச கேம், அப்புறம் 2024ல கிட்டத்தட்ட கிளம்பின இடத்துலயே வந்து நின்னது. கடை இன்னும் லாபத்துக்கு வரலைன்னு 2023 நவம்பர்ல கூகுள் வழக்குல கடையோட பொறுப்பாளரே சாட்சி சொன்னார். பிரத்யேக ஒப்பந்தங்கள்ல நிறைய நல்ல முதலீடா அமையலைன்னு 2024ல டிம் ஸ்வீனியே ஒத்துக்கிட்டார். ஸ்டீம்ல 2025 மார்ச்ல ஒரே நேரத்துல இருந்தவங்க எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டினது.

காத்திருக்கத் தெரிஞ்சவனை பிரத்யேகம் ஒண்ணும் பண்ண முடியாது. எபிக் வாங்கினது ஒரு வருஷ அவகாசம். அந்த வருஷத்துக்குள்ள நல்ல கடை கட்டியிருந்தா ஆட்கள் தங்கியிருப்பாங்க. மாறா, ஒரு வருஷம் முடிஞ்சதும் அதே கேம் திருத்தங்களோட, தள்ளுபடியோட ஸ்டீமுக்கு வந்தது. பொறுமைக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

ஆனா இந்தப் பணத்தால நல்லது நடக்கலைன்னு சொன்னா பொய். ஹேடீஸ் கடை திறந்த அன்னைக்கே எபிக்ல மட்டும் ஆரம்ப அணுக்கத்துல வந்தது, ஒரு வருஷம் அங்கேயே வளர்ந்து, பிறகுதான் ஸ்டீமுக்கு. அது என்ன மாதிரி கேம் ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆலன் வேக் 2க்கு முழுசா முதல் போட்டது எபிக்தான். அது ஸ்டீமுக்கு வராததுல எனக்கு வருத்தம் உண்டு, கோபமில்ல. அது அவங்க வீட்டுச் சமையல். ஊப்லெட்ஸ்னு ஒரு குட்டி கேம், ரெண்டே பேர் செஞ்சது, அவங்க எபிக் போறேன்னு சொன்னதுக்கு வந்து குவிஞ்ச மிரட்டலும் ஆபாசமும் இருக்கே, அதுக்கு எந்த வாதமும் முட்டுக் கொடுக்க முடியாது. கடைக்காரன் மேல கோபம்னா ஏன் சமையல்காரனை அடிக்கிறீங்க?

மறுபக்கம் டார்க்னு ஒரு கேம், ஒரே ஆள் முயற்சி. ஸ்டீம் தேதியை அறிவிச்ச பிறகு எபிக் ஆள் அனுப்பினது. எங்க ஆட்களுக்கு வாக்கு கொடுத்துட்டேன், ரெண்டு கடையிலயும் விக்கறேன்னு அவர் சொன்னார். அப்படி முடியாதுன்னு பதில் வந்தது, அவரும் மறுத்துட்டார். 12 சதவீதம் சின்ன ஆட்களுக்காகன்னு சொன்ன கடை, சின்ன ஆள் கதவைத் தட்டினப்போ அந்த 12ஐக் கொடுக்கல. என் பழைய வாதம் உடைஞ்சது சரியா இந்த இடத்துலதான், ஒத்துக்க எனக்குத்தான் வருஷக்கணக்கா ஆச்சு.

2025 ஜூன்லேர்ந்து ஒவ்வொரு கேமுக்கும் வருஷத்துல முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் எபிக் பங்கே எடுக்காது. வால்வ் மேலேயிருந்து குறைச்சதை இவங்க கீழேயிருந்து குறைக்கிறாங்க. யார் கேமையும் பூட்டி வெக்கத் தேவையில்ல. இதை 2018லயே பண்ணியிருந்தா?

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கு. வேற கடையில விலை குறைச்சு விக்கக் கூடாதுன்னு வால்வ் அழுத்தம் கொடுக்குதுன்னு வுல்ஃபயர் நிறுவனம் 2021ல அமெரிக்காவுல வழக்கு போட்டிருக்கு. வால்வ் மறுக்குது. 2024 நவம்பர்ல அதை மத்த டெவலப்பர்களுக்கும் சேர்த்த கூட்டு வழக்கா நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. குற்றச்சாட்டு நிஜம்னா, ரெண்டு கடையிலயும் இருக்கிற கேமோட விலை எபிக்ல இறங்கவே வழியில்ல. ஸ்டீமை விட்டு வெளிய வந்த கேம்தான் மெட்ரோ மாதிரி பத்து டாலர் இறங்க முடியும். அப்படின்னா மேல நான் எழுதினதுல பாதியைத் திருத்த வேண்டியிருக்கும். தீர்ப்பு வரட்டும், வந்து எழுதறேன்.