சின்னப் பலகை மோகம்

மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பதக்கம். கைதட்ட வேண்டிய விஷயம், தட்டியாயிற்று. அவர் காலடியில் இருந்த பலகையின் அளவையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. எழுந்து நிற்கப் பழகி ஆறு மாதம் ஆகாதவர்கூட எட்டடி ஃபோம் போர்டை இளக்காரமாகப் பார்க்கிறார். ஆறடிக்கு இறங்கிவிட்டால் தேறிவிட்டதாக அர்த்தமாம்.

இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். சின்னப் பலகை தப்பை மன்னிக்காது, அதனால் வேகமாகக் கற்றுக்கொடுக்கும் என்று. கற்றுத்தருகிறவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

சின்னப் பலகைக்குப் பலம் இல்லாமல் இல்லை. சட்டென்று திரும்பும். செங்குத்தாக எழும் அலையின் வளைவுக்குள் பொருந்தும். உடைந்து வரும் அலைக்கு அடியில் பலகையோடு முங்கி அந்தப் பக்கம் எழலாம். ஒன்பதடிப் பலகையில் அது நடக்காது. கைநழுவினால் பின்னால் வருகிறவர் மண்டைக்கு ஆபத்து. பைக்கில் மாட்டி எடுத்துப் போகலாம் என்பதும் சின்ன சௌகரியம் அல்ல. எல்லாம் சரி.

ஆனால், கற்றுக்கொள்கிறவருக்குக் கிடைக்க வேண்டிய அலையை அது பிடுங்கிக்கொள்கிறது. மற்ற எல்லாப் பலத்தையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு குறைக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

அலைச்சறுக்கு கஞ்சத்தனமான வித்தை. இரண்டு மணி நேரம் கடலில் கிடந்தாலும் பலகை மேல் நிற்பது தடவைக்குச் சில நொடிதான். மீதி நேரமெல்லாம் கையால் துழாவுவதும் காத்திருப்பதுமாகப் போய்விடும். கால் பழகுவது, பார்வை நிமிர்வது, இடுப்பு திரும்பக் கற்பது எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் நடந்தாக வேண்டும். ஆக, எத்தனை அலை பிடித்தோம் என்பதுதான் பாடநேரம். அலை பிடிக்கத் தவறியவரின் எந்தத் தப்பைச் சின்னப் பலகை காட்டிக்கொடுக்கும்? அவர் தப்புச் செய்கிற இடத்துக்கே வந்து சேரவில்லையே.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. போட்டி வீரர்கள் ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 0.36 லிட்டர் கொள்ளளவு என்று பலகை செய்துகொள்கிறார்கள். 75 கிலோ ஆளுக்கு அது 27 லிட்டர். பலகையின் சொந்த எடை மூன்று கிலோ போனால், தண்ணீருக்கு மேலே தாங்கக்கூடியது 24 கிலோ. மீதியைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. கரையிலிருந்தே இதைப் பார்க்கலாம். பலகையில் குப்புறப் படுத்திருப்பவரின் மார்பு பாதி தண்ணீருக்குள் இருக்கும், பலகையின் மூக்கு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து அலை வருகிறது. அவர் வெறிபிடித்தாற்போல் துழாவுகிறார். அலை அவரைத் தூக்குகிறது, ஒரு கணம் நிறுத்திவைக்கிறது, பிறகு அடியில் நழுவிப் போய்விடுகிறது. அடுத்ததற்கு இன்னும் கரைப்பக்கம் தள்ளி நிற்கிறார். இந்த முறை அலை கிடைக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே செங்குத்தாகிவிட்டது. கையை ஊன்றி எழுவதற்குள் மூக்கு குத்திக்கொள்கிறது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே மறுபடி உள்ளே.

இதில் அலையின் பங்கும் உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் உடையும் அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கையால் துழாவி அந்த வேகத்தை யாராலும் எட்ட முடியாது. மிச்சத்தை அலையின் சரிவுதான் கொடுக்க வேண்டும். 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு நடந்த தஹிதித் தீவின் தியாஹுப்போ போன்ற இடத்தில் அலை சுவராக எழுந்து ஆளை உருட்டிவிடும். அங்கே நீளப் பலகைதான் தொல்லை. நம் வங்கக் கடலில் பல நாள் இடுப்பளவு அலை, சோம்பலான சரிவு. அதை முன்கூட்டியே பிடிக்க நீளமும் மிதப்பும் வேண்டும். தியாஹுப்போவுக்குத் தைத்த சட்டையைக் கோவளத்தில் மாட்டிக்கொண்டு இறுக்குகிறது என்றால் யார் என்ன செய்வது?

போட்டி வீரர்கள் மட்டும் ஏன் அந்தச் சட்டையை மாட்டுகிறார்கள்? அவர்களுக்கு மதிப்பெண் அப்படி. சிறந்த இரண்டு அலைகளைக் கூட்டி 20க்கு எவ்வளவு என்பதுதான் போட்டி. திருப்பத்தின் கடினமும் வேகமும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். ரமேஷ் இறுதிச் சுற்றில் எடுத்தது 12.60. அதற்குக் கூர்மையான கருவி தேவை. இன்னும் நேராகப் போகவே தடுமாறுகிறவருக்கு எந்த நடுவர் புள்ளி போடக் காத்திருக்கிறார்?

உடனே கோவளம் பையன்களைக் காட்டுவார்கள். மீனவரான மூர்த்தி மேகவன் பழக்கிவிட்ட பிள்ளைகள் சின்னப் பலகையில் பறக்கவில்லையா என்பார்கள். பறக்கிறார்கள். அந்த வயதில் உடம்பே நாற்பது கிலோதான், கடல் வாசலில் இருக்கிறது. இன்றைய காலை வீணானால் சாயங்காலம் இறங்கலாம். தர்மபுரியிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ ராத்திரி பஸ் ஏறி, 300 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து வந்து இறங்குகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா? அவர் கையில் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதிலும் பாதியைக் கையைத் துழாவித் தீர்ப்பதா?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டப் பழகும் பையனுக்கு யாரும் பரிசலைச் சுருக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆளேற்றும் அதே வட்டப் பரிசல்தான், அதே துடுப்புதான். சுழலில் சுற்றவிடாமல் கொண்டுபோகத் தெரிந்தால் கெட்டிக்காரன்.

இந்தச் சின்னப் பலகை மோகம் நம்மூர்ச் சரக்கு அல்ல. 1966இல் சான் டியாகோவில் நாட் யங் உலகப் பட்டம் வென்ற பலகை ஒன்பதடிக்கு மேல். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பலகைகள் அடிக்கணக்கில் சுருங்கின. 1990களில் உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டரைப் பார்த்து ஊரெல்லாம் ஒல்லியான, மெலிந்த பலகையை வாங்கியது. ஸ்லேட்டர் ஒருவர்தான், அலை பிடிக்காமல் மிதந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தடிமனும் அகலமுமான பலகைகள் பிறகு மெல்லத் திரும்பி வந்தன. அந்தப் பாடத்தை நாம் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டுமா?

சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடையாத அலையை நினைத்தபோது பிடித்து, இடமும் வலமும் ஓட்டி, பலகையைத் திருப்பத் தெரிந்தவர் அரை அடி குறைத்துப் பார்க்கட்டும். எட்டிலிருந்து ஏழரை, பிறகு ஏழு. 75 கிலோ ஆள் நாற்பது லிட்டருக்குக் கீழே இறங்க அவசரமே இல்லை. சிக்கல் என்னவென்றால், வாடகைக்கு விடும் பல இடங்களில் எட்டடி ஃபோமுக்கு அடுத்து நேரே ஆறடிதான் கண்ணில் படும்படி நிற்கும். ஏழடி ஒன்று பின்னால் சுவரோரம் தூசியோடு கிடக்கும். கேட்டால், “அது வயசானவங்க எடுக்கற போர்டுண்ணா” என்பார் பையன். பரவாயில்லை, அதையே எடுத்துத் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.