கட்டைவிரல் கற்ற பாடம்

மூத்த கார் மெக்கானிக் ஒருவருக்கு அண்மையில் நடந்த பாராட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசிய எல்லோரும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்கள்: அவருக்கு மீட்டர் எதுவும் வேண்டாம், கட்டைவிரலே மீட்டர். பெல்ட்டை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார், "போதும்டா" என்பார், அவ்வளவுதான். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். நாற்பது ஆண்டுகள் கிரீஸ் படிந்த கையோடு உழைத்த மனிதர் அவர், எந்தப் பாராட்டுக்கும் உரியவர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்து உறுத்தியது. பெல்ட் இறுக்கத்தை விரலால் பார்ப்பதை நாம் கலை என்று கொண்டாடுகிறோம். ஆல்டர்னேட்டர்களை ஆயுள் முடியும் முன்பே சாகடிக்கும் பழக்கங்களில் அதுவும் ஒன்று என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில், நம் ஆட்களிடம் உள்ள நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டர் மாற்றும் வேலையில் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு இணை குறைவு. பாதிப் பேர் இன்னும் அதை 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பக்கத்துத் தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரி மின்சாரம் நிற்கும், ஸ்பேனர் அதையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பட்டே கற்றிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் முழு ஆல்டர்னேட்டரையும் தூக்கிப் போடச் சொல்கிற இடத்தில், கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மாற்றி அதையே ஓடவைப்பவர்கள் இவர்கள். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைத்து, எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்காமல் சாவியைத் தர மாட்டார்கள். இதெல்லாம் உண்மையான திறமை.

அந்த மல்டிமீட்டர் எந்த இடத்தில் கீழே வைக்கப்படுகிறதோ அங்கேதான் என் வழக்கு ஆரம்பிக்கிறது.

காட்சியை நினைத்துப் பாருங்கள். புது ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது. கீழ் போல்ட் பாதி இறுக்கத்தில், மேலே நீள் துளைக்குள் அட்ஜஸ்டர் போல்ட் லூஸாக. கடைப்பையன் ஜாக்கி லிவரை எஞ்சின் பிளாக்குக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே செருகி, ஒரு காலை பம்பரில் ஊன்றி நெம்புகிறான். லிவரின் முனை அலுமினிய உறையில் பளிச்சென்று ஒரு வடு போடுகிறது. "இன்னும் கொஞ்சம் இழு தம்பி." பெல்ட் விறைக்கிறது. அண்ணன் கட்டைவிரலால் அழுத்துகிறார், சுண்டிப் பார்க்கிறார், 'டங்' என்கிறது. "அவ்வளவுதான், டைட் பண்ணு." மொத்தம் அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில் என்ன முடிவாகிறது என்று கணக்குப் போடுவோம். இரண்டு புல்லிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் நீளம் பெல்ட் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 10 கிலோ விசையோடு அழுத்தினால் அது 10 மில்லிமீட்டர் உள்வாங்குகிறது என்றால், பெல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை ஏறத்தாழ 75 கிலோ. அதே அழுத்தத்துக்கு 5 மில்லிமீட்டர்தான் உள்வாங்குகிறது என்றால் இழுவிசை 150 கிலோ. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இழுவிசை இரண்டு மடங்காகிவிடுகிறது. ஒரு பென்சிலின் தடிமன்கூட அதைவிட அதிகம். சர்வீஸ் புத்தகங்கள் இதனால்தான் எவ்வளவு விசை, எந்த இரண்டு புல்லிகளுக்கு நடுவே, எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கின்றன. கட்டைவிரலுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட உறுதியாகத் தெரியாது. காலையில் அழுத்தும் விசை வேறு, பத்தாவது வண்டிக்குச் சாயங்காலம் அழுத்தும் விசை வேறு.

இந்த இழுவிசையைத் தாங்குவது ஆல்டர்னேட்டரின் முன்பக்க பேரிங். பெல்ட் புல்லியைச் சுற்றித் திரும்புவதால், பெல்ட் இழுவிசையின் ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரம் அந்தத் தண்டில் ஏறுகிறது. பால் பேரிங்கின் ஆயுளுக்கு எல்லா எஞ்சினியரிங் பாடப்புத்தகத்திலும் இருக்கும் ஒரு விதி உண்டு: பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். 80,000 கிலோமீட்டர் ஓட வேண்டிய பேரிங் 10,000-த்திலேயே முனக ஆரம்பிக்கும் என்று அதற்குப் பொருள். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றினால் அதன் பேரிங்குக்கும் இதே கதிதான். அப்படிப் போன ஒரு பேரிங்கை நான் கையில் வைத்துச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். என் காரில் ஆல்டர்னேட்டர் மாற்றி எட்டே மாதம் ஆகியிருந்தது. கிரீஸ் கருகிக் கரியாகி இருந்தது. விரலில் சுழற்றினால் மணல் மேல் உருள்வதைப் போல ஒரு நறநறப்பு. அதைக் கழற்றிக் கொடுத்த கடைக்காரர் சொன்னது: "இப்ப வர்ற சரக்கே மட்டம் சார்."

அந்தப் பதிலில்தான் முழுக் கோளாறும் இருக்கிறது. பெல்ட் லூஸாக இருந்தால் மறுநாள் காலையே தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும் 'கீ...ச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். வாடிக்கையாளர் நேராகக் கடைக்கு வந்து சண்டை போடுவார். பெல்ட் அதிக இறுக்கமாக இருந்தால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. சத்தம் இல்லை, சார்ஜ் விளக்கு எரியாது, மல்டிமீட்டர் அழகாக 14.2 காட்டும். கெடுதல் மாதங்கள் கழித்து, வேறு பெயரில் வரும்: டூப்ளிகேட் பேரிங், மட்டமான ரீகண்டிஷன் சரக்கு, மழைத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வேறொரு கடையில், வேறொருவர் கையில் அது கழற்றப்படும். ஆக, லூஸாக விட்ட தவறுக்கு மட்டும் உடனே திட்டு கிடைக்கிறது. இறுக்கிய தவறுக்கு யாரும் திட்டுவதில்லை, இன்னொரு ஆல்டர்னேட்டர் விற்கிறது. நாற்பது ஆண்டுகள் இப்படி ஒருபக்கமாகவே பாடம் கற்ற கட்டைவிரல் எந்தப் பக்கம் சாயும்? வேண்டுமென்றே யாரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கைதட்டல் என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. அனுபவம் கூடக்கூடத் தவறும் கூடவே முதிர்கிற வேலை இது, அதைப் போய் அனுபவத்தின் உச்சம் என்று மேடையில் வைக்கிறோம்.

விரலுக்காக வாதாடுகிறவர்கள் பழைய அம்பாசடரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தக் காலத்து ஒற்றை வி-பெல்ட்டுக்கு 'அழுத்தினால் அரை அங்குலம்' என்ற வாய்ப்பாடு பொருந்தியது, மறுக்கவில்லை. ஆப்பு போல புல்லியின் பள்ளத்தில் இறங்கிப் பிடிக்கிற பெல்ட் அது. டைனமோவுக்கும் பெரிய வேலை கிடையாது: இரண்டு விளக்கு, ஒரு ஹாரன், வைப்பர். இன்றைய காரில் ஏசி விசிறி, எரிபொருள் பம்ப், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 70 ஆம்பியர் கேட்டால் அது ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதை இழுப்பது மெல்லிய, வரிவரியான ரிப் பெல்ட். புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளம் காருக்குக் கார் மாறுகிறது. அரை அங்குலம் என்பது எந்த நீளத்துக்கு? அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அதன் வாய்ப்பாடு மட்டும் இன்னும் எல்லாக் கார்களையும் ஆள்கிறது.

இன்னொரு வாதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது: "புது பெல்ட் எப்படியும் கொஞ்சம் இளகும் சார், அதனால கூடவே வெச்சுடறது." பாதி உண்மை. புது பெல்ட்டுக்குச் சர்வீஸ் புத்தகமே கூடுதல் இறுக்கம்தான் சொல்கிறது. ஆனால் எவ்வளவு கூடுதல் என்றும் சொல்கிறது. ஐந்து நிமிடம் ஓடிய பெல்ட்டையே பழைய பெல்ட் என்று கணக்கில் வைத்து, அதற்குத் தனி அளவு தருகிற கம்பெனியும் உண்டு. செய்ய வேண்டியது எளிது: எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒருமுறை பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. நம் கடைகளில் இதைச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை. திரும்ப வரச் சொன்னால் வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்ற பயம். அந்தப் பயத்துக்கான விலையைப் பேரிங் கட்டுகிறது.

தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் இந்தச் சிக்கல் இல்லை, விரலுக்கு அங்கே வேலையே கிடையாது. கையால் இறுக்கும் கார்களுக்கோ ஒரு ஸ்டீல் ஸ்கேல், குறுக்கே வைக்க ஒரு நேரான கம்பி, பத்து கிலோ காட்டும் ஒரு ஸ்பிரிங் தராசு போதும். பெல்ட்டின் மேல் வைத்து அழுத்தினால் 'கிளிக்' என்று சொல்லி அளவு காட்டும், பேனா அளவிலான கருவிகூட உண்டு. ஒரு ஆல்டர்னேட்டர் பேரிங் மாற்றும் கூலிக்கு முன் அதன் விலை பெரிதல்ல.

போன மாதம் என் காருக்கு மீண்டும் பெல்ட் மாற்ற வேண்டி வந்தது. இப்போது நான் போகும் கடை அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்: "அண்ணே, ஒரு தடவை அளந்து பார்ப்போமே." அவர் முகம் சுளிக்கவில்லை. வழக்கம்போல விரலால் வைத்துவிட்டு ஸ்கேலைப் பிடித்தார். நான்கு மில்லிமீட்டர். என் காரின் புத்தகத்தில் உள்ள அளவு எட்டு. அவரே ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, போல்ட்டை லூஸாக்கி எட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்தோம். 'கீச்... கீச்... கீச்' என்று சத்தம். "பார்த்தீங்களா சார், லூஸு" என்று லிவரைக் கையில் எடுத்தார். நான் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் தெளித்தேன். பெல்ட் லூஸாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சத்தம் கூட வேண்டும். கூடவில்லை, ஒரு நொடி அடங்கிவிட்டுத் திரும்ப வந்தது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால்தான் அப்படி நடக்கும். அண்ணன் லிவரை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். எட்டு மாதத்தில் பேரிங் போன அந்த வேலையின்போது யாரோ ஆல்டர்னேட்டருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு வாஷரைப் போடாமல் விட்டிருந்தார்கள். இத்தனை நாளும் அந்தக் குறையைச் சத்தமில்லாமல் மூடி வைத்திருந்தது இறுக்கம்தான். அண்ணன் தகர டப்பாவில் துழாவி அதே தடிமனில் ஒரு வாஷரைத் தேடி எடுத்துப் போட்டார். மறுபடி எட்டு மில்லிமீட்டருக்கு வைத்தார். எஞ்சின் ஓடியது, பெல்ட் பேசவில்லை. ஸ்கேலைத் துடைத்துத் தன் டூல் பாக்ஸிலேயே வைத்துக்கொண்டார்.