கல்லில் எழுதிய மூன்று சொற்கள்

முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்க்கும்போதுதான் அதில் முடிவைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பது தெரியும். 'ஸ்டார் ட்ரெக்' மூலத்தொடரில் 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான 'த டெவில் இன் த டார்க்' முதல்முறை பார்ப்பவருக்கு ஒரு கொலையாளியைத் தேடும் கதை. ஜேனஸ் 6 என்ற கிரகத்தின் சுரங்கத்தில் ஐம்பது பேர் மாண்டிருக்கிறார்கள். பாறையைத் துளைத்து வரும் ஏதோ ஒன்றை வேட்டையாடக் விண்கப்பல் தலைவன் கேர்க்கும் அவன் துணையதிகாரி ஸ்பொக்கும் வருகிறார்கள். கொன்றது ஹோர்ட்டா என்ற கல்லுயிர். அது ஒரு தாய். சுரங்கத்தார் குப்பையென்று உடைத்தெறிந்த சிலிக்கன் உருண்டைகள் அதன் முட்டைகள். இதை அறிந்தபின் மறுபடி பார்த்தால் தொடக்கமே வேறாகிவிடுகிறது. சுரங்க அதிகாரியின் அறையில் அந்த உருண்டைகளில் ஒன்று சும்மா கிடக்கிறது. ஸ்பொக் அதைக் கையிலெடுத்துப் பார்க்கிறான். அதே அறையில், அதன் தாயைக் கொல்வது பற்றிப் பேச்சு நடக்கிறது. முதல்முறை கண்ணில் படாத கல், இரண்டாம்முறை வேறெதையும் பார்க்க விடுவதில்லை.

கொழும்பில் வாழ்ந்து 2008இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், மூலத்தொடரில் தன் நினைவில் நின்ற பகுதி இது ஒன்றே என்று சொன்னார். விநோதமானது, ஆபத்தானதும்கூட, தீயதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்ற எண்ணம் அவரைக் கவர்ந்தது. சிவனொளிபாதமலையை முன்மாதிரியாக வைத்து 1979இல் நாவல் எழுதியவர் அவர். அம்மலையின் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் கண்டது சரி, ஆனால் பாதி. ஹோர்ட்டா தீயதல்ல என்பது முதல் பார்வையிலேயே கிடைத்துவிடும் பாடம். எது கழிவு, எது செல்வம் என்று யார் தீர்மானிக்கிறார், அந்தத் தீர்மானத்தில் மண்ணுக்குள் இருப்பவருக்குக் குரல் உண்டா என்பதே திரும்பத் திரும்பப் பார்க்கும்போது மேலெழுகிற கேள்வி. இரத்தினபுரியில் மேலே தேயிலையும் இறப்பரும், கீழே இல்லம் எனப்படும் மாணிக்கச் சரளை. அதைக் கூடையிலிட்டு நீரில் அலசி, நீலமும் புஷ்பராகமும் பொறுக்கியபின் மிஞ்சுவதைக் கொட்டிவிடுவார்கள். கொட்டப்படுவதில் பெரும்பங்கு சிலிக்கனின் உறவான படிகக்கல். சுரங்கத்தார் கொடியவர்களாக இல்லாமலே முட்டைகளை உடைத்தது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

ஹோர்ட்டா வெறும் கம்பளம்போல் இருக்கிறது, அதைப் பார்த்து எப்படி உருகுவது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உடலை வடிவமைத்து அதனுள்ளே ஊர்ந்து நடித்த ஜானோஸ் புரொஹாஸ்கா முகமோ கண்ணோ இல்லாமல் வலியைக் காட்டுகிறார்; காயம்பட்ட பக்கம் சற்றே சுருங்கும் அந்த அசைவு போதும். அதைவிட நுட்பமானது ஜீன் எல். கூனின் எழுத்து. முதலில் உயிரோடு பிடிக்கலாம் என்பவன் ஸ்பொக், கொல்லச் சொல்பவன் கேர்க். அதனெதிரே தனியாக நிற்கும்போது கேர்க் சுடாமல் நிற்கிறான். நண்பனுக்கு ஆபத்தென்று பதறும் ஸ்பொக் உடனே கொல்லச் சொல்கிறான். இருவரும் இடம் மாறியதை எந்த வசனமும் சுட்டிக்காட்டுவதில்லை.

கனமான மறுப்பு முடிவைப் பற்றியது. குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், மனிதர் பின்னால் போய்த் தாது எடுத்துக்கொள்வர், ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று உடன்பாடாகிறது. தோண்டுவது ஹோர்ட்டாவின் இயல்பு, தாது அதற்குத் தேவையில்லை, ஆகவே இதில் சுரண்டல் இல்லை என்பர் ஆதரிப்போர். எனக்கு இது போதவில்லை. இரத்தினபுரியின் மாணிக்கக் குழியில்கூட நிலக்காரர், உரிமப்பத்திரக்காரர், நீரிறைக்கும் இயந்திரக்காரர், குழியில் இறங்குபவர் என்று முன்கூட்டியே பங்கு பேசப்படுகிறது. அதற்கு மேலே தோட்டத்தில் பங்கு இல்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இந்தப் பகுதி ஒளிபரப்பாவதற்கு இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மீதியைப் பிறகு பார்க்கலாமென்று விட்டது. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் லயங்களில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பங்கீட்டின் கீழ் வாழ்ந்த ஊர்களிலிருந்து பார்க்கும்போது, 'எல்லோருக்கும் நல்லது' என்ற முடிவில் யார் கையெழுத்து இல்லை என்று தேடத் தோன்றுகிறது.

ஆனால் இதற்காக இந்தப் பகுதியைத் தள்ளிவிட முடியாது; கேள்வியை நமக்குக் கொடுப்பதே அதுதான். மனத்தோடு மனம் தொட்ட ஸ்பொக்கின் வாயால் பேசுமுன், ஹோர்ட்டா தானாகவே பாறையில் மூன்று சொற்களை எரித்து எழுதுகிறது: கொலை, இல்லை, நான். என்னைக் கொல்லாதே என்ற கெஞ்சலா, நான் கொல்லமாட்டேன் என்ற வாக்கா என்று கேர்க் கேட்கிறான். இரண்டும்தான் என்பது என் தீர்ப்பு. கெஞ்சல் மட்டுமானால் அது பலி, வாக்கு மட்டுமானால் அது அடங்கிப்போன எதிரி. இரண்டும் சேரும்போதுதான் அது எதிரே அமர்ந்து பேரம் பேசத் தகுந்த ஒரு தரப்பு. அந்தத் தரப்பைப் பற்றிக் கடைசிக் காட்சியில் நாம் கேட்பதெல்லாம் ஸ்பொக் கொண்டுவரும் செய்திதான்: மனிதரின் தோற்றம் அதற்கு அருவருப்பாக இருந்ததாம், போகப்போகப் பழகிவிடுமாம், ஸ்பொக்கின் காதுகள் பிடித்திருந்ததாம். தாதுவைப் பற்றி அது என்ன நினைத்தது என்பதை அவனிடம் யாரும் கேட்பதில்லை.