அச்சமும் கவலையும்

கவலை என்பது அச்சத்தின் ஒரு கூறே. ஆதலின் அதனைத் தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தின்பாற் படுத்தலாம் எனக் கருதுவாருளர். இக்கருத்து ஆராய்தற்குரியது.

மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கே கூறப்படுகின்றன. நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பவை; இன்னதெனச் சுட்டத்தக்கவை. கவலைக்கோ அத்தகைய சுட்டு வேண்டுவதில்லை. வருவது யாது, செய்வது யாது என்னும் இரண்டும் துணியப்படாத நிலையே அது. சங்க நூல்களில் 'கவலை' என்னும் சொல் கிளைத்துப் பிரியும் வழியைக் குறித்தலும் ஈண்டு நினைத்தற்குரியது.

குறுந்தொகையில் ஔவையார் பாடிய 28-ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்றாகும். பிரிவாற்றாத தலைவி, மோதுவதோ, தாக்குவதோ, ஏதேனும் ஒன்றைத் தலைக்கீடாகக் கொண்டு கூவுவதோ என்று தெளியாது தடுமாறுகின்றாள். ஐயப்பொருட்டாகிய 'கொல்' மும்முறை வருகின்றது. அவளை அச்சுறுத்துவார் அங்கு எவருமிலர். சுழன்று வீசும் காற்றும் துயிலும் ஊருமே உள்ளன. காற்றுக்கு அடையாய் வரும் 'அலமரல்' என்பதற்கு உரியியல் தரும் பொருள் சுழற்சி. அச்சப்பொருளுக்குப் பேம், நாம், உரும் என்பவற்றை அவ்வியல் வேறாக ஓதுகின்றது.

கவலை அன்றாட வாழ்வை எங்ஙனம் சிதைக்கும் என்பதற்கும் இப்பாட்டே விளக்கம். துயில் கெடுகின்றது, துணிவு கெடுகின்றது, ஈற்றில் உடன்வாழ்வாரும் அயலாராகின்றனர். அவள் மனக்கொதிப்பு பிரிந்த தலைவன்மேற் செல்லாது, தன் நோய் அறியாது உறங்கும் ஊர்மேற் செல்லுதல் நோக்கத்தக்கது.

அங்ஙனமாயின் மெய்ப்பாட்டியலில் கவலைக்கு இடம் யாது? எட்டினைக் கூறியபின் ஆசிரியர் வேறாக ஓதும் 32 மெய்ப்பாடுகளுள் கவலை என்னும் பெயர் இல்லை. எனினும் ஐயம், உயிர்ப்பு, கையாறு, நடுக்கு என்பன அங்கு உள்ளன. கவலை ஒரு பெயரால் அடங்காது, இவற்றிடையே விரவி நிற்பது என்பதே எம் துணிபு. டென்மார்க்கு நாட்டு அறிஞர் கீர்க்ககார்டு 1844-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பொருள் சுட்டும் அச்சத்தையும் சுட்டாப் பதற்றத்தையும் பிரித்துரைத்தார். அக்கொள்கையைத் தொல்காப்பியர்மேல் ஏற்றுதல் எம் நோக்கமன்று; அகச்சான்றுகளே இவ்வேறுபாட்டிற்குப் போதியன.

இது பெயரளவில் நிற்கும் வழக்கன்று. தலைவியின் நிலையை அச்சம் என்று கொள்வோமாயின், அதனைப் பெண்டிர்க்குரியதாகக் கூறப்படும் அச்சத்தோடு ஒன்றாக்கி, இயல்பென்று கடந்து செல்வோம். கவலை என்று கொண்டாலன்றோ, அவள் துயரத்திற்குச் செவிசாய்த்தவராவோம்! அங்ஙனம் கொள்ளாவிடின் துஞ்சும் அவ்வூராருள் யாமும் ஒருவரேயாவோம்.