எழுதப்படாத அக்கரை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர் போன் செய்தபோது, "தில்லித் தமிழ் எழுத்து பத்தி எழுதுங்களேன், சார்" என்றார். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. 1965-ல் கி. கஸ்தூரிரங்கன் இங்கிருந்து 'கணையாழி'யைத் தொடங்கியதும், தி. ஜானகிராமன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் என்று ஒரு வரிசையே இந்த ஊரில் இருந்துகொண்டு எழுதியதும் நம் மலர்களில் தவறாமல் வந்துவிடும். நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்த எழுத்தில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் முப்பத்தைந்து வருஷமாகக் குடியிருக்கும் மயூர் விஹார்தான் அந்த இடம்.

கரோல் பாக்கில் ஒண்டுக் குடித்தனத்தை விட்டு யமுனைக்கு இந்தப் பக்கம் வந்தபோது, ஆட்டோக்காரர்கள் "ஜம்னா பாரா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நிஜாமுதீன் பாலம் தாண்டினால் இருட்டு. ஆற்றுப்படுகையில் காய்கறித் தோட்டம். உத்தியோகஸ்தர்களும் பத்திரிகைக்காரர்களும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் வீடு கட்ட நிலம் கிடைத்தது. அதுவும் கட்டக்கூடிய விலையில். சமாச்சார் அபார்ட்மெண்ட்ஸ், நவ்பாரத் டைம்ஸ் அபார்ட்மெண்ட்ஸ், கலா விஹார் என்ற பெயர்களே யார் யார் வந்தார்கள் என்று சொல்லிவிடும். பிறகு மலையாளிகளின் உத்தர குருவாயூரப்பன் கோயில், வங்காளிகளின் காளி பாரி. ஞானபீடப் பரிசு பெற்ற ஹிந்தி எழுத்தாளர் கிருஷ்ணா சோப்தி 2019 ஜனவரியில் மறையும்வரை இந்தப் பேட்டைக்காரர்தான்.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வங்காளி மாமியும் மலையாளி டீச்சரும் சுண்டலுக்கு வருவார்கள். துர்கா பூஜைப் பந்தலில் எங்கள் பெண் பரதம் ஆடியிருக்கிறாள். மாடியில் ஒருவர் தபலா, கீழே ஒருவர் ஓவியம். இதையெல்லாம் நாங்கள் எங்கள் பண்பாட்டின் விளைச்சல் என்று நினைத்துக்கொண்டோம். எல்லாம் மலிவின் விளைச்சல். ஆற்றுக்கு அக்கரை என்று பணக்காரர்கள் ஒதுக்கிய இடத்துக்குத்தான் தபலாக்காரரால் வாடகை கொடுக்க முடிந்தது.

2009 நவம்பரில் மெட்ரோ வந்தது. மறு வருஷம் காமன்வெல்த் போட்டி. கனாட் பிளேஸ் கைக்கெட்டும் தூரமாயிற்று, வாடகை ஏறிற்று. இப்படி ஒரு பேட்டையில் வசதியுள்ளவர்கள் நுழைய, இருந்தவர்கள் வெளியேற நேர்வதற்கு, 1964-ல் லண்டனைப் பார்த்து ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம். நாக்கில் ஒட்டாத சொல்தான், வேறு கிடைக்கும்வரை இருக்கட்டும்.

தபலாக்காரர் 2012-ல் காஸியாபாத் பக்கம் வசுந்தராவுக்குப் போய்விட்டார். "கலைஞர்களுக்கு இந்த ஊரில் இடமில்லாமல் போச்சே" என்று சங்கக் கூட்டங்களில் நான் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறேன். அவர் குடியிருந்தது என் வீட்டில். பெண் கல்யாணத்தை உத்தேசித்து நான் வாங்கிப் போட்ட இரண்டாவது ஃபிளாட் அது. மார்க்கெட் ரேட் என்று புரோக்கர் சொன்ன தொகையை நான் கேட்டேன். அவர் ஒரு மாதம் அவகாசம் கேட்டார், காலி செய்தார். சண்டை ஒன்றும் கிடையாது. போகும்போது காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

தில்லித் தமிழ் எழுத்து பற்றிய என் குறை இங்கேதான் தொடங்குகிறது. ஆதவனின் 'காகித மலர்கள்', இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி' இரண்டையும் சமீபத்தில் மறுபடி படித்தேன். அதிகார வர்க்கத்தின் பாவனைகளை, ஆங்கிலம் பேசும் தமிழனின் உள்ளுக்குள் இருக்கும் நடுக்கத்தை இவ்வளவு கூர்மையாக எழுதியவர்கள் தமிழில் வேறு யார்? ஆனால் அந்த மனிதர்களுக்கு நகரம் என்றால் ஆபீஸ், டிராயிங் ரூம், கருத்தரங்கு. நகரத்தில் தங்களுக்கு உரிமையில்லை என்ற நினைப்பே அவர்களுடைய துக்கம். அதுவே அவர்களுக்குச் சௌகரியமும்கூட. ஊர் நம்முடையது இல்லை என்றால் ஊரில் நடப்பதற்கு நாம் பொறுப்பில்லை அல்லவா?

'குருதிப்புனல்' விதிவிலக்கு என்று சொல்வீர்கள். 1968 கீழ்வெண்மணிக் கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு, 1977-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல், துணிச்சலான நாவல். அதிலும் தில்லிக்காரன் கூலிக்காரனைச் சந்திக்கத் தஞ்சாவூருக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. நாவலாசிரியரை நான் குற்றம் சொல்லவில்லை, அவர் எழுதப் போனது அதைத்தான். நாம்தான் அதைப் படித்துவிட்டு, உழைப்பவனின் துயரம் ஊரில் இருக்கும் விஷயம் என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் காம்பவுண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் திரிலோக்புரி. நெருக்கடி நிலைக் காலத்தில் நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்தெடுத்த குடிசைவாசிகளைக் கொண்டுவந்து போட்ட மறுகுடியமர்வுக் காலனி. 1984 நவம்பரில் சீக்கியர்களைக் கொன்று குவித்த 32-ஆம் பிளாக் அங்கேதான். மெட்ரோவின் பிங்க் லைன் 2018 கடைசியில் எங்கள் பாக்கெட் ஒன்று ஸ்டேஷன்வரை வந்து நின்றுவிட்டது. திரிலோக்புரியில் வழியிலிருந்த வீட்டுக்காரர்களின் மாற்றிடம் முடிவாகாமல் இழுத்து, 2021 ஆகஸ்டில்தான் இணைப்பு முடிந்தது. அந்த இடைவெளியை "எப்போ சார் முடிப்பாங்க?" என்று லிஃப்டில் அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக வேலை செய்யும் அம்மாள் விழுப்புரம் பக்கத்துக்காரர், இருப்பது திரிலோக்புரி. அவருடைய அக்கா இருந்தது ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் கரை மதராஸி கேம்ப். கோர்ட் உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி அதை இடித்தது எல்லாரும் அறிந்ததே. ஏறக்குறைய 370 குடும்பங்களில் 189-க்குத்தான் நரேலாவில் வீடு பெறத் தகுதி என்றார்கள். நரேலா தில்லியின் வடக்கு எல்லை. ஜங்புராவில் பாத்திரம் தேய்க்கிறவர் அங்கிருந்து விடியற்காலையில் எப்படி வந்து சேருவது? அக்கா இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டார். "மாடியிலே ஸ்டோர் ரூம் சும்மாத்தானே கிடக்கு, அக்கா இருந்துக்கட்டுமா சார்?" என்று இந்த அம்மாள் கேட்டார். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கூட்டம் இரண்டு முறை நடந்தாகிவிட்டது, நான் எடுக்கவில்லை.

கலைஞர்கள் பேட்டை என்று தில்லியில் நிஜமாகவே ஒன்று இருந்தது: ஷாதிபூர் கட்புத்லி காலனி. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், ஜாலவித்தைக்காரர்கள். 2009-ல் தனியார் கம்பெனியோடு மறுநிர்மாண ஒப்பந்தம். 2017 அக்டோபரில் இடிப்பு. அப்போது நாங்கள் மயூர் விஹாரில் கையெழுத்து இயக்கம்கூட நடத்தவில்லை. எங்கள் பல்பண்பாடு என்பது ஒரே வருமானக்காரர்கள் ஒருவர் பண்டிகைக்கு ஒருவர் போய்வருவது என்ற அளவில்தான் இருந்தது.

கிருஷ்ணா சோப்தியின் 'சமய் சர்கம்' 2000-ல் வந்தது. தில்லி அடுக்குமாடிகளில் தனியாக மூப்படையும் ஆரண்யா, ஈஷான் என்ற இருவரின் கதை. முதியவர்களைவிட அவர்களுடைய வீட்டின் மேல் அதிகக் கரிசனம் காட்டும் உறவுகள் அதில் வருகிறார்கள். என் ஹிந்தியை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். சதுர அடிக்கு இத்தனை என்ற கணக்கு பாசத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறார். அதிலும் கேட்டுக்கு வெளியே இருக்கும் ஊர் கொஞ்சம்தான் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் வீடு வைத்திருப்பவர்களின் மனசைத் தொட்டுப் பார்த்த எழுத்து. தமிழில் அந்த இடம் காலியாக இருக்கிறது. புலம்பெயர்ந்தவன், வாடகைக்காரன், ஊருக்கு ஏங்குகிறவன் என்றே நம்மை எழுதிவந்தோம். வாடகையை ஏற்றுகிறவனாக, கேட் பாஸ் கேட்கிறவனாக எழுதியதில்லை. நம் கதைகளில் வந்த குவார்ட்டர்ஸ் உலகமும் போய்க்கொண்டிருக்கிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலான ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்காக ஏங்கி நாலு கதைகள் வரும், நன்றாகவும் இருக்கும்.

அடுத்த மலருக்குச் சிறுகதைப் போட்டி வைக்கலாம் என்று பேச்சு. வைத்தால், வீட்டுச் சொந்தக்காரன் தன் வாயால் சொல்லும் கதைக்கு ஒரு தனிப் பரிசு வைக்கும்படி மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தபலாக்காரர் போன பிறகு வந்த குடித்தனக்காரர் கூடுதலாகக் கொடுத்த முதல் மாதத் தொகை நாலாயிரம் ரூபாய். அதை என் பங்காகத் தந்துவிடுகிறேன்.